பழைய வீல்சேர், வாக்கர், கமோடு சேர்: மலையில் யாருக்குக் கொடுப்பது, எதைக் கழற்றி வைப்பது?

குன்னூர்வாசி · ஜூன் 4, காலை 9.10

மடக்கு வீல்சேர் ஒன்று, அலுமினிய வாக்கர் ஒன்று, கமோடு சேர், காற்று மெத்தை, கக்கத்தில் வைக்கும் கட்டை ஒரு ஜோடி. எல்லாம் பரணில் கிடக்கின்றன. பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்கள். வீல்சேர் பார்க்கப் புதிது போலவே இருக்கிறது. வேண்டியவர் யாராவது உட்கார்ந்துகொள்ளட்டும். யாரிடம் சேர்ப்பது?

கோத்தகிரி பட்டறை · ஜூன் 4, காலை 11.40

எடைக்குப் போடாதீங்க. ஆனா புதுசு மாதிரி இருக்குன்னு அப்படியே தூக்கியும் கொடுத்துடாதீங்க. குரோம் பளபளப்பை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. வண்டியை மடக்கி அடிப்பக்கம் பாருங்க. சீட்டுக்குக் கீழே ரெண்டு பைப் குறுக்கும் நெடுக்குமா போகும், நடுவுல ஒரு போல்ட். அந்த ஓட்டையைச் சுத்தி மயிரிழை விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்க்கணும். குரோம்ல துரு ஒரே கோடா வழிஞ்சிருந்தா அங்கே விரிசல்தான். விரிசல் விட்டது உட்கார்ற வண்டி இல்லை, உதிரி பாகத்துக்குத்தான் ஆகும். வெல்டு வெச்சா போதும்னு எடுத்துட்டு வர்றாங்க. குரோம் பூச்சை அரைச்சு எடுக்காம வெல்டு பிடிக்காது, அந்தப் புகையும் நெஞ்சுக்கு ஆகாது. பிடிச்சாலும் வெல்டுக்குப் பக்கத்துலயே மறுபடி விடும்.

சீட் துணியோட அகலம், முழு வண்டியோட அகலம், டயர் பக்கவாட்டுல இருக்கிற நம்பர். மூணையும் போடுங்க, மேற்கொண்டு பேசலாம்.

உதகை பிசியோ · ஜூன் 4, இரவு 8.25

யாரிடம் சேர்ப்பது என்பதற்கு முன்னால் யாருடைய உடம்புக்கு என்று கேட்க வேண்டும். கடையில் கிடைக்கும் மடக்கு வீல்சேர் பெரும்பாலும் 18 அங்குல சீட். ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகச் செய்தது. அதில் 14 அங்குல இடுப்புள்ள பாட்டியை உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தே கிடப்பார். கையும் சக்கர வளையத்துக்கு எட்டாது.

உட்கார வைத்து, இடுப்பின் இரண்டு பக்கமும் தடித்த நோட்டை நிறுத்தி, நடுவில் இருக்கும் இடைவெளியை அளந்தால் அதுதான் சீட்டின் அகலம். பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, அதில் 3 முதல் 5 செ.மீ. கழித்தால் ஆழம். சீட் அதைவிட நீளமாக இருந்தால் முழங்காலுக்குப் பின்னால் வெட்டும், ஆள் வழுக்கி முன்னால் வந்துவிடுவார். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரையுள்ள நீளத்தில் சீட் மெத்தையின் கனத்தைக் கழித்தால் கால்பலகை இருக்க வேண்டிய இடம். கால்பலகைக்கும் தரைக்கும் 5 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர்ச் சாலையில் முதல் கல்லிலேயே இடிக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் எட்டுப் படியாகச் சொன்னதை 2023-ல் நான்காகச் சுருக்கியது: தேர்ந்தெடுப்பது, பொருத்துவது, பழக்குவது, திரும்பப் போய்ப் பார்ப்பது. வீல்சேரைக் கொடுத்துவிட்டு போட்டோ எடுப்பது நான்கிலும் இல்லை.

மஞ்சூர் மேடு · ஜூன் 5, காலை 7.05

போட்டோவை ஐந்தாவதாகச் சேர்க்கச் சொல்லி மனு போடலாம்.

வீட்டு வாசலையும் அளங்கள். 18 அங்குல சீட் என்றால் சக்கர வளையத்தோடு சேர்த்து வண்டி 25, 26 அங்குலம் வரும். தோட்டத் தொழிலாளர் லயன் வீட்டுக் கதவு 28 இருந்தால் அதிர்ஷ்டம், கழிவறைக் கதவு 24. வீட்டிலிருந்து ரோட்டுக்கு நாற்பது படி. அங்கே வீல்சேர் கொடுத்தால் முன்னறையில் துணி காயப்போடத்தான் ஆகும். உள்ளே ஒரு கமோடு சேர், படிக்குக் கைப்பிடிப் பைப், ரோட்டோரத் தெரிந்தவர் கடையில் நிறுத்தி வைக்க வீல்சேர் என்று பிரித்துக் கொடுத்தால் மூன்றும் பயன்படும்.

கோத்தகிரி பட்டறை · ஜூன் 5, பிற்பகல் 2.30

பிரேக். சமவெளிக்காரங்க இதைப் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. இங்கே உயிர் அதுலதான் இருக்கு.

முதல்ல காற்று, அப்புறம்தான் பிரேக். இந்தப் பிரேக் டயரை அமுக்கிப் பிடிக்கிற பிரேக். டயர்ல காற்று இறங்கினா பிடியும் போயிடும். காற்று இறங்கின டயர்ல பிரேக்கைச் சரி பண்ணினா, காற்று அடிச்சதும் லீவர் மடங்காது. கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தினா (5 எம்.எம். ஆலன் சாவி, சிலதுல 10 ஸ்பேனர்) பிரேக் பைப் மேல நகரும். லீவர் போட்டதும் கட்டை டயருக்குள்ள 3, 4 மி.மீ. அமுங்கணும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் பிடிச்சா வண்டி அந்தப் பக்கமா திரும்பிக் கவிழும்.

அப்புறம் சோதனை. சரிவான இடத்துல இறக்கம் பார்த்து நிறுத்தி, சீட்ல 45 கிலோ உருளைக்கிழங்கு மூட்டை ஒண்ணை ஏத்தி பிரேக் போடுங்க. பக்கத்துல நில்லுங்க, முன்னாடி நிக்காதீங்க. சக்கரம் சுத்துச்சுன்னா பிரேக் தப்பு. சக்கரம் சுத்தாம வண்டி மொத்தமா வழுக்கினா டயர் மொழுக்கை. மூட்டையை இறக்காம வண்டியைத் திருப்பி வெச்சு மேடு பார்த்தும் ஒரு தரம் பாருங்க.

இது நிறுத்தி வைக்கிற பிரேக். இறக்கத்துல ஓடுற வண்டியோட வேகத்தைக் குறைக்க லீவரை இழுத்தா ஆள் முன்னால பறப்பாரு.

டயர்: 24 × 1 3/8னு போட்டிருக்கும், கூடவே 37-540. அந்த 540தான் முக்கியம். சைக்கிள் கடையில சும்மா 24 இஞ்ச்னு கேட்டா பசங்க ஓட்டுற அகல டயரைத் தருவாங்க. அது 507, ரிம்ல ஏறாது. பழைய டயரைக் கையோட எடுத்துட்டுப் போங்க.

உதகை பிசியோ · ஜூன் 5, மாலை 6.50

இறக்கம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். தள்ளுகிறவர் ஒருவர்தான் என்றால் செங்குத்தான இறக்கத்தில் வண்டியைத் திருப்பி, உட்கார்ந்தவர் மேட்டைப் பார்த்தபடி, தான் பின்னோக்கி நடந்து இறக்க வேண்டும். வீல்சேருக்கான சாய்தளம் 1-க்கு 12 என்பது கட்டட விதி. அதாவது ஒரு அடி உயர 12 அடி நீளம். நம் ஊர்ச் சந்துகளில் 1-க்கு 6 சாதாரணம். பின் கைப்பிடியில் மார்க்கெட் பை மாட்டிக்கொண்டு மேடு ஏற்றினால் வண்டி பின்பக்கமாக மல்லாந்துவிடும். வாங்கிக்கொள்பவரின் வீட்டு ஆளை நம் கண் முன்னாலேயே ஒரு மேடு ஏற்றி, ஒரு இறக்கம் இறக்கச் சொல்லாமல் வண்டியை விடக் கூடாது.

பெருமாள்மலை · ஜூன் 6, காலை 10.15

பரணில் இருந்தது நல்லது. இங்கே பலர் தார்ப்பாயில் சுற்றி வெளியே வைக்கிறார்கள். பனிமூட்டத்தில் தார்ப்பாய்க்குள் வியர்த்து, ஒரு மழைக்காலத்திலேயே ஸ்போக்ஸ் நிப்பிள் எல்லாம் துருவேறி இறுகிவிடும். பழைய பருத்திப் போர்வை போதும், அடியில் காற்று போக வேண்டும்.

இன்னொன்று, தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கொடைக்கானலில் பகலிலேயே அந்தச் சூடு அரிது. முன் சக்கரத்தின் கழுத்தில் வெள்ளையாகக் கட்டி நின்று வண்டி திரும்பாது. பேரிங் போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்குவார்கள்.

கோத்தகிரி பட்டறை · ஜூன் 6, பகல் 12.20

ஆமா. மண்ணெண்ணெய்ல கழுவி, கிரீஸ் வெச்சா அதே பேரிங் ஓடும். குறுக்கு பைப் போல்ட்டுக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு. பிரேக் கட்டையிலோ டயர்லயோ ஒரு துளி படக் கூடாது.

முன் சக்கரம் திரும்பலைன்னா பேரிங்கைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அச்சைப் பாருங்க. தலைமுடியும் கம்பளி நூலும் சுத்தி இறுகிக் கிடக்கும். ஸ்வெட்டர், சால்வை போடுற ஊர்ல இது ரொம்ப சாதாரணம். பிளேடால அறுத்து எடுத்துட்டு, வண்டியைப் பின்னால சாய்ச்சு, சக்கரத்தைக் கையால திருப்பி விடுங்க. தானா கீழே தொங்கி நிக்கணும். பாதியில நின்னா கழுத்து நட்டு இறுக்கம், ஆடினா தளர்வு. பேரிங் மாத்தித்தான் ஆகணும்னா பல வண்டியில 608: உள்ளே 8, வெளியே 22, கனம் 7 மி.மீ. ஸ்கேட்டிங் சக்கரத்துல வர்ற அதே பேரிங்தான்.

கூடலூர் மனு · ஜூன் 8, காலை 9.30

கொடுப்பவர்கள் யோசிக்காத ஒரு சிக்கல். மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் தரும் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்தில் (1981 முதல் நடக்கிறது, உபகரணங்கள் பெரும்பாலும் கான்பூரில் உள்ள அரசு நிறுவனமான அலிம்கோவிலிருந்து வரும்) விதி இப்படி: விண்ணப்பிப்பவர் அதே தேவைக்காகக் கடந்த 3 ஆண்டுகளில் அரசிடமிருந்தோ தொண்டு அமைப்பிடமிருந்தோ உதவி பெற்றிருக்கக் கூடாது. ஒரு சங்கம் மேடை போட்டு, பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கி, பொருந்தாத ஒரு வீல்சேரைக் கொடுத்துவிட்டால், அளவெடுத்து வரவேண்டிய வண்டி அவருக்குத் தள்ளிப்போகலாம்.

அதனால் என் பரிந்துரை இரவல். நோட்டில் ஒரு வரி: பொருள், நிலை, தேதி, யார் வீட்டில். வேண்டாமென்றால் திரும்பட்டும். மாற்றுத்திறன் 40 சதவீதம் என்ற சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு, வரும் வரை இதில் உட்காரட்டும். 60 வயது கடந்து வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு உபகரணம் தர 2017-ல் வந்த ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் தனி.

மஞ்சூர் மேடு · ஜூன் 8, காலை 9.55

இரவல் கொடுத்தது திரும்பிய ஊர் எது என்று சொன்னால் அங்கேயே குடியேறிவிடலாம்.

கூடலூர் மனு · ஜூன் 8, காலை 10.20

திரும்பாவிட்டாலும் குற்றமில்லை, யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். நோட்டு எதற்கென்றால், ஒரு வருடம் கழித்து டயர் போனபோது யாரைக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். மேலே சொன்ன 3 ஆண்டு, 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 1 ஆண்டுதான். வளரும் பிள்ளை, அளவு மாறும்.

உதகை பிசியோ · ஜூன் 9, இரவு 9.10

இரவல் என்பதோடு ஒத்துப்போகிறேன், ஒரு விலக்கோடு. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்களுக்கு இந்த ஆஸ்பத்திரி வண்டியை இரவலாகக்கூட சீட் மெத்தையில்லாமல் கொடுக்கக் கூடாது. தோட்டத்தில் சில்வர் ஓக் கிளை கழிக்க ஏறி விழுந்தவர்கள் இந்த மலையில் உண்டு. வெறும் ரெக்சின் சீட்டில் பகல் முழுக்க உட்கார்ந்தால் புண் வரும். அவருக்கு வலிக்காது, அதனால் தெரியாது.

மெத்தை போதுமா என்று பார்க்க விரல் சோதனை. ஆளை மெத்தை மேல் உட்கார வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க, விரல் நுனியை உட்காரும் எலும்புக்கு நேர் அடியில் கொண்டுபோங்கள். விரலை 5 மி.மீ. அளவு மேலும் கீழும் அசைக்க முடிந்தால் சரி. அசைக்க முடியவில்லை, ஆனால் உருவ முடிகிறது என்றால் எச்சரிக்கை. நசுங்கி, உருவவே சிரமம் என்றால் அந்த மெத்தை வேண்டாம். இரண்டு எலும்புக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

யார் வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்று தெரிய, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட், வலிநிவாரண நர்ஸ் இவர்களைக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து தெருத் தெருவாக நடக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்தச் சங்கத்துக்கும் தெரியாது.

உதகை பிசியோ · ஜூன் 11, மாலை 5.40

கமோடு சேர், காற்று மெத்தை விட்டுப்போயிற்று.

கமோடு சேரை முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் மருந்து ஊற்றிப் பயனில்லை. பிறகு 5 சதவீத பிளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. பத்து நிமிடம் கழித்து நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிட வேண்டும், அப்படியே விட்டால் குரோமைத் தின்றுவிடும். ஸ்பாஞ்சு வைத்த சீட் கிழிந்து உள்ளே ஈரம் போயிருந்தால் ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடுங்கள், எதைப் போட்டாலும் சுத்தமாகாது. பிளாஸ்டிக் வாளியும் மூடியும் புதிது வாங்குவதே மரியாதை.

காற்று மெத்தையைப் பம்ப்போடு ஓர் இரவு ஓட விடுங்கள். ஒரு வரிசை உப்ப, அடுத்த வரிசை இறங்க, சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மாறவேண்டும். எல்லாம் ஒன்றாக உப்பி நின்றால் அது சாதாரணக் காற்றுப் பை, புண்ணைத் தடுக்காது. ஓட்டைக்கு சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் பிடிக்காது. இது பி.வி.சி., அதற்கான பசை வேண்டும்.

பெருமாள்மலை · ஜூன் 12, காலை 8.30

சீட் துணி கிழிந்தால் ஆட்டோ சீட் தைப்பவரிடம் இரட்டை மடிப்பாகத் தைக்கலாம். நைலான் துணியில் திருகு ஓட்டையைக் குத்தாதீர்கள், நூல் பிரியும். காய்ச்சிய ஆணியால் பொசுக்கி எடுத்தால் ஓரம் உருகி இறுகும். சீட் தொட்டிலாகத் தொய்ந்தால் தொடைகள் உள்நோக்கி ஒட்டிக்கொள்ளும். விறைப்பாகத் தைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி ஒன்று: பேட்டரி வீல்சேர் ஒன்று இரண்டு வருடம் சும்மா நின்றிருக்கிறது. சார்ஜர் பச்சை விளக்கோடு நிற்கிறது, ஏறவில்லை. கொடுக்கலாமா?

கோத்தகிரி பட்டறை · ஜூன் 12, பிற்பகல் 3.00

பெரும்பாலும் ரெண்டு 12 வோல்ட் பேட்டரி தொடர்ல, மொத்தம் 24. ஒவ்வொண்ணையும் தனியா கழற்றி மீட்டர் வைங்க. நல்லா ஏறின லெட் ஆசிட் ஓய்வுல 12.7 காட்டும். 11-க்குக் கீழேன்னா செத்துடுச்சுன்னு எடுத்துக்கலாம். ரொம்ப இறங்கினதை சார்ஜர் பேட்டரின்னே கண்டுக்காது, அதான் உங்க பச்சை விளக்கு. மாத்தினா ரெண்டையும் சேர்த்து, ஒரே கம்பெனி, ஒரே தேதி. ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா பழசு புதுசையும் கெடுக்கும்.

மலைக்கு ஒரு எச்சரிக்கை. மோட்டார் பக்கத்துல ஒரு லீவர் இருக்கும், தள்ளிட்டுப் போறதுக்காக மோட்டாரை விடுவிக்கிறது. அதை விடுவிச்சா வண்டியோட பிரேக்கும் சேர்ந்து விட்டுடும். சரிவுல ஆள் உட்கார்ந்திருக்கும்போது அதைத் தொடவே கூடாது. சிவப்புப் பெயின்ட் அடிச்சுக் கொடுங்க.

பழைய பேட்டரி, பேட்டரி கடைக்கு. 2022 பேட்டரி கழிவு விதிப்படி வீட்டுக் குப்பையில போடக் கூடாது. உடைச்சு ஈயம் எடுக்கிறவங்ககிட்ட கொடுத்தா ஆசிட் ஓடையில போகும். நம்ம ஓடை கீழே இருக்கிறவங்க குடிதண்ணி. கன்ட்ரோலர், சார்ஜர் ரெண்டும் மின்கழிவு.

உதகை பிசியோ · ஜூன் 14, காலை 11.15

கட்டைக்கும் வாக்கருக்கும் சுருக்கமாக. கக்கத்துக்கும் கட்டையின் மேல்முனைக்கும் இரண்டு, மூன்று விரல் இடைவெளி. பாரம் கையில், கக்கத்தில் இல்லை. கக்கத்தில் தொங்கினால் நரம்பு அழுந்தி மணிக்கட்டு விழுந்துவிடும். வாக்கரின் கைப்பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேர். நான்கு கால்களிலும் பொத்தான் முழுதாக வெளியே குதித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒன்று பாதியில் நின்றால் சரிவில்தான் உள்ளே போகும். முன்சக்கரம் வைத்த வாக்கரை இறக்கமான வாசல் உள்ள வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம்.

அடி ரப்பர் புஷ்ஷின் வளையங்கள் தேய்ந்திருந்தால் மாற்றித்தான் கொடுக்க வேண்டும். ஈரமான பாசித் தரையில் மொழுக்கை ரப்பர் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. பைப்பின் வெளி விட்டத்தை அளந்து வாங்குங்கள்: 19, 22, 25 மி.மீ.

மஞ்சூர் மேடு · ஜூன் 15, காலை 7.20

செயற்கைக் கால், காலிப்பர் (காலைத் தாங்கக் கட்டும் கம்பிச் சட்டம்)?

உதகை பிசியோ · ஜூன் 15, காலை 8.00

இன்னொருவருக்கு மாட்டக் கூடாது. காலை நுழைக்கும் கிண்ணம் ஒருவரின் காலுக்கென்றே வார்த்தது. செய்த மையத்துக்கே திருப்பிக் கொடுங்கள், மூட்டுப் பாகம் உதவலாம்.

கோத்தகிரி பட்டறை · ஜூன் 17, மாலை 4.45

எடைக்குப் போகிறதுன்னே முடிவானா அதுக்கு முன்னாடி கழற்ற வேண்டியது: முன் சக்கரம் ரெண்டும் கவட்டையோட, பின் சக்கரம் அச்சு போல்ட், வாஷரோட, பிரேக் செட், கால்பலகை, கைப்பிடி உறை, கைவைக்கும் பட்டை. இடது வலதுன்னு மார்க்கர்ல எழுதி ஒரு பையில் போடுங்க, மாறினா பொருந்தாது. ஒரு செத்த வண்டி ரெண்டு வண்டியை ஓட வைக்கும். மிச்ச பைப்பில் காந்தம் வைங்க: ஒட்டினா இரும்பு, ஒட்டலைன்னா பெரும்பாலும் அலுமினியம். அலுமினியத்துக்கு விலை கூட. ஒண்ணாக் கொடுத்தா இரும்பு விலைதான் போடுவாங்க. ரெக்சினையும் ரப்பரையும் அறுத்து எடுத்துடுங்க. கடையில அதை எரிச்சுத்தான் எடுப்பாங்க.

குன்னூர்வாசி · ஜூன் 20, காலை 9.40

அளந்தேன். சீட் 18, முழு அகலம் 25½. டயர் 37-540, காற்று அடித்தால் நிற்கிறது. குறுக்கு பைப்பில் விரிசல் இல்லை. வலது பிரேக் பிடிக்கவில்லை. இடது கால்பலகை இல்லை. காற்று மெத்தையை ஓட்டிப் பார்த்ததில் எல்லா வரிசையும் ஒன்றாகவே உப்பி நிற்கிறது. வாக்கர் நன்றாக இருக்கிறது, ரப்பர் நான்கும் மொழுக்கை. மேட்டுப்பாளையத்தில் ஓர் அமைப்பு வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறதாம்.

கூடலூர் மனு · ஜூன் 20, காலை 10.30

கீழேயிருந்து மலைக்கு வரும் வண்டி இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) பதிய வேண்டும், 2024 மே 7 முதல் அதுதான் நடைமுறை. உள்ளூரிலேயே ஆள் இருக்கும்போது சமவெளிக்கு அனுப்புவானேன்? அனுப்பினால் பப்பிள் ராப் சுற்றாதீர்கள், பழைய சாக்கு போதும். பிளாஸ்டிக் தடை உள்ள மாவட்டம், அபராதம் வீல்சேரைவிடக் கூடுதலாகிவிடப் போகிறது.

உதகை பிசியோ · ஜூன் 20, பகல் 1.15

மெத்தையில் பம்ப்தான் சந்தேகம். இரண்டு குழாயிலும் விரலை வைத்துப் பாருங்கள், காற்று மாறி மாறி வரவேண்டும். இரண்டிலும் சேர்ந்தே வந்தால் உள்ளே மாற்றும் பாகம் போய்விட்டது. பம்ப் மட்டும் தனியாக விற்கிறார்கள். 18 அங்குல சீட்டுக்குப் பருத்த உடம்புள்ள, உணர்வுள்ள, கொஞ்ச தூரம் நடக்கக்கூடிய ஒருவர் பொருத்தம். ஸ்ட்ரோக் வந்து தேறி, ஆஸ்பத்திரிக்குப் போய்வர மட்டும் வண்டி தேவைப்படுகிறவர்கள் உண்டு. உங்கள் பகுதி நர்ஸிடம் இந்த வரியை அப்படியே சொல்லுங்கள்.

கோத்தகிரி பட்டறை · ஜூன் 20, இரவு 7.30

வலது பிரேக் கிளாம்ப் நகர்ந்திருக்கும், கழற்றிப் பார்த்துச் சொல்றேன். பட்டறைக்குக் கொண்டுவாங்க, வாக்கரையும் சேர்த்து, 25 மி.மீ. புஷ் இருக்கு, 22ன்னா வாங்கணும்.

கால்பலகை இல்லாம வண்டி போகாது, கால் முன் சக்கரத்துல மாட்டும். இடது கால்பலகை, தொங்கு கம்பியோட, பக்கவாட்டில் திறக்கிற மாதிரி, பைப் 22 மி.மீ.: யார்கிட்டயாவது செத்த வண்டி இருந்தா இங்கே எழுதுங்க. கட்டபெட்டு, குன்னூர், உதகைன்னா நானே வந்து எடுத்துக்கிறேன்.

பெருமாள்மலை · ஜூன் 21, காலை 6.55

இடது இருக்கிறது, ஆனால் 25 மி.மீ. பைப். உள்ளே 22-க்கு ஸ்லீவ் போட முடியுமா?

கோத்தகிரி பட்டறை · ஜூன் 21, காலை 9.20

ஒன்றரை மி.மீ. கனத்துல இரும்புக் குழாய்த் துண்டு உள்ளே போட்டு, குறுக்கே ஒரு போல்ட் அடிச்சா நிக்கும். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், குளிர்ல விரிஞ்சுடும். பஸ்ல அனுப்பாதீங்க, யாராவது வர்றப்போ கொடுத்து விடுங்க.